கிழக்குச் சுவரில் ஈரம்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சித்தூர் மிஷன் சர்ச்சுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது சபைக் கமிட்டியாரின் முகங்களை. நியாயமாக நான் பார்த்திருக்க வேண்டியது அவர்களுடைய முதுகுகளை. அன்று பிரதிஷ்டை செய்ய இருந்த ஓவியம் பீடத்துக்குப் பின்னால், கிழக்குச் சுவரில் இருந்தது. அதைப் பார்ப்பதற்காகத்தான் எல்லோரும் அத்தனை சீக்கிரம் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். திரையை அவிழ்த்துச் சிறிது நேரம் ஆகியிருந்தது. ஆனால் கமிட்டி முழுவதும் சுவருக்கு முதுகைக் காட்டி, கதவுப் பக்கம் பார்த்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. போட்டோக்காரர் யாரும் வரவில்லை.

நான் வேலை பார்த்த பத்திரிகையில் இப்போது ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதுவதற்கென்றே ஓர் இளைஞர் இருக்கிறார். உருவமே இல்லாத ஓவியங்களைப் பற்றி முழுப் பக்கம் எழுதுகிறார். அவற்றுக்கு அரூப ஓவியம் என்று பெயராம். போன மாதம் ஒரு பிரிவுபசார விருந்தில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "உங்க காலத்துல, அதுவும் ஜில்லாவுல, இதெல்லாம் ஏது சார்?" என்று அனுதாபப்பட்டார். ஒன்று இருந்தது என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்.

நான் தொழில் கற்றது திருப்பதியில். குப்பத்துப் பக்கம் ஒரு தமிழ்க் கிராமத்திலிருந்து வந்தவன். தமிழும் தெலுங்கும் எழுதுவேன், கன்னடத்தில் பேரம் பேசுவேன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ஜில்லா நிருபர் வரதாச்சாரியார் என்னை இரண்டு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு சித்தூருக்கு அனுப்பினார். ஜில்லாத் தலைநகரம் சித்தூர்தான். கலெக்டர், கோர்ட்டு, ஜெயில் எல்லாம் அங்கேதான். ஆனால் செய்தி என்றால் பத்திரிகைக்குத் திருப்பதிதான். ஆகையால் சித்தூரில் நடப்பதை நான் எழுதி உறையில் போட்டு ரயில்வே கார்டிடம் கொடுப்பேன். அது பாகாலா வழியாகத் திருப்பதி போகும். வரதாச்சாரியார் அதைப் பாதியாக வெட்டி, சென்னைக்கு அனுப்புவார்.

அவர் ஒரு செய்தியைப் படிக்கும் விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காகிதத்தைக் கை நீட்டின தூரத்தில் பிடித்துக்கொள்வார். பேச மாட்டார். பென்சில் மட்டும் ஓடும். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் செய்தி குப்பைக்கூடைக்குப் போகும். 'போல' என்ற சொல்லை அவர் எந்தக் காலத்திலும் அனுமதித்தது கிடையாது. "கடல் போல ஜனக்கூட்டம்னு எழுதியிருக்கே. நீ கடலைப் பாத்திருக்கியோ?" என்று கேட்டார் என்னிடம். நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே ஒரு 'போல்' இருக்கிறது. அவர் இல்லாத தைரியம்தான்.

அவருடைய இன்னொரு விதியைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாமம் என்ற சொல்லை எழுதலாம். நாமத்தின் வடிவத்தை எழுதக் கூடாது. வடகலையார் நாமம் கீழே வளைந்து அதோடு நின்றுவிடும். தென்கலையார் நாமத்துக்கு அந்த வளைவின் கீழே, மூக்கின் மேல், ஒரு பாதம் உண்டு. அந்த ஒரு விரற்கடைப் பாதம் இருக்க வேண்டுமா, கூடாதா என்ற கேள்வியில் வக்கீல் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தன. பாதத்தோடு எழுதினால் ஒரு கட்சி நோட்டீஸ் அனுப்பும். பாதம் இல்லாமல் எழுதினால் இன்னொரு கட்சி அனுப்பும். வரதாச்சாரியாரின் சொந்த நாமத்துக்குப் பாதம் இருந்தது. அதை அவர் நெற்றியோடு நிறுத்திக்கொண்டார், பேப்பருக்குக் கொண்டுவரவில்லை.

சித்தூர் சர்ச்சுக்குத் திரும்புகிறேன்.

சுவரில் வரைந்தவர் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஞானமுத்து. நாற்பது வயது இருக்கும். சென்னையில் முறையாக ஓவியம் படித்தவர். பள்ளிக்கூடத்தில் வருஷம் முழுவதும் பானை, கத்திரிக்காய், பானைமேல் கத்திரிக்காய் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கமிட்டி அவரிடம் முதலில் கேட்டது வேறு. மிஷனெரி துரையின் பங்களாவில் சீமையில் அச்சான படம் ஒன்று தொங்கியது. பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்ணுமாக இயேசு, தோளில் ஆட்டுக்குட்டி. அதைப் பெரிதாக்கிச் சுவரில் வரையச் சொன்னார்கள். ஞானமுத்து ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம சித்தூர் ஆட்டுக்கு இம்மாம் கம்பளி கிடையாதுங்களே" என்றார். சாமியின் கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கமிட்டிக்குப் புரிந்துவிட்டது. பயபக்தியாக இருந்தால் போதும், மாஸ்டர் இஷ்டப்படி வரையலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாதிரித் தீர்மானத்தை எந்தக் கமிட்டியும் இரண்டாவது தடவை போடாது.

கோடை விடுமுறையில் சாரம் கட்டி, முன்னால் ஒரு திரையும் கட்டிக்கொண்டு, அவர் ஒருவரே வேலை செய்தார். கூலி வாங்கவில்லை. திரைக்குப் பின்னால் அவர் மனைவியைக்கூட விடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று காலை நான் பார்த்தது இது. சுவரில் ஆள் இல்லை, ஆடு இல்லை, மரம் இல்லை. அடியிலிருந்து மேல்வரைக்கும் செம்மண்ணும் கருநீலமும் வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் போயின. சர்ச்சின் கூர்வளைவு ஜன்னல்கள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்து கலைந்த மாதிரி இருந்தது. அங்கங்கே மஞ்சள் துண்டுகள். நடுவில், கூரைக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, இரண்டு வெள்ளைக் கோடுகள் நெருங்கி இறங்கி, பீடத்துக்கு மேலே ஒரு வளைவில் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கமிட்டிக்கும் அதுதான் தோன்றியது. அது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆனால் சொல்ல முடியாது. அந்தச் சபையில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் புரட்டாசி சனிக்கிழமையில் கோவிந்தா போட்டுக்கொண்டு தெருவில் போனவர்கள். சுவரில் நாமம் தெரிகிறது என்று ஒருவர் வாயைத் திறந்தால், அது அவர் கண்ணில் இருக்கிறது என்று ஆகிவிடும். மனந்திரும்பினது நெஞ்சு வரைக்கும்தான், கண் வரைக்கும் ஏறவில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த முதல் ஆளாக இருக்க ஒருவரும் தயாராக இல்லை.

கமிட்டிக் காரியதரிசி அருளப்பன் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் சாட்சி விசாரணையாக நடத்தினால்தான் அவருக்கு நிம்மதி.

"மாஸ்டர், இதுல ஆண்டவர் எங்க இருக்கார்?"

"நடுவுலங்க. அந்தச் சிவப்பு."

"கை, கால்?"

"இல்லீங்க."

"மொகம்?"

"ஜெபம் பண்றப்போ கண்ணை மூடிக்கிறீங்களே ஐயா, அப்போ உங்களுக்கு மொகம் தெரியுதுங்களா?"

தெரியாது என்று காரியதரிசி சொல்ல முடியுமா? "தெரியும்" என்றார். "சரி, அந்த ரெண்டு வெள்ளை?"

"இராப்போஜனப் பாத்திரம். அப்படியே அண்ணாந்து பாத்தா நம்ம கோயில் தூணு. வளைவைத் தலைகீழா நெனச்சிக்கினா கல்லறை வாசலு. மூணும் ஒண்ணுதானுங்களே?"

பெண்கள் பக்கத்திலிருந்து சாரம்மா பேசினார். வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கும் அம்மாள், ராமகுப்பத்துப் பக்கத்துக்காரர். யாருக்கும் பயப்பட மாட்டார் என்று பெயர். "மூணையும் ஒரே கோட்டுல முடிச்சிட்டியா மாஸ்டரே! சுண்ணாம்பு மிச்சம்." அதற்கு மேல் அவரும் போகவில்லை.

அப்போது மிஷனெரி துரை வந்தார். இருபது வருஷமாகச் சித்தூரில் இருப்பவர். தமிழை வேதாகமத்திலிருந்து கற்றுக்கொண்டு, வேறு எங்கும் சரிபார்க்காதவர். சுவரை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இப்பொழுது சீமையிலேயும் இப்படியே வரைகிறார்கள். இதினிமித்தம் நான் களிகூருகிறேன்" என்றார்.

"துரைக்கு இது எதை ஞாபகப்படுத்துகிறது?" என்று கேட்டேன். நிருபர் கேட்கலாம்.

"இது ஒன்றுக்கும் ஒப்பாயிராமல் இருக்கிறது. அதுவே இதின் மேன்மை." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. அவர் தினமும் காலையில் உலாவப் போவது ஸ்டேஷன் ரோட்டில். திருப்பதி யாத்திரீகர்கள் போவதும் அந்த வழியில்தான்.

துரையே களிகூர்ந்துவிட்டபடியால் கமிட்டிக்கு வழி அடைபட்டுப்போயிற்று. ஆனால் அருளப்பன் அனுபவசாலி. பீடத்தின் மேலிருந்த வெள்ளிப் பாத்திரத்தை மரியாதையோடு எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"பாத்திரம்னு நீங்களே வாக்குமூலம் குடுத்துட்டீங்க. இதுக்குத் தண்டு இருக்குதா இல்லையா? சுவத்துல எங்க தண்டு? தண்டு இல்லாத பாத்திரம் எங்க நிக்கும்?"

கமிட்டி முழுவதும் உயிர் பெற்றது. ஆமாம், தண்டு வேணும், தண்டு வேணும் என்று எல்லோரும் பேசினார்கள். அரைமணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்.

"தண்டு போட்டா அது வெறும் பாத்திரம் ஆயிடும் ஐயா" என்றார் ஞானமுத்து.

"அதானே வேணும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அந்தத் திரை அங்கேயே இருக்கும், மாஸ்டர். எப்பவும்."

ஞானமுத்து துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் தண்டு போட்டுவிடுவதாக ஞானமுத்து ஒப்புக்கொண்டார். பிரதிஷ்டை தள்ளிப்போயிற்று.

தண்டு போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. திருப்பதியில் இரண்டு வருஷம் இருந்த எவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. நிருபரின் வேலை அது இல்லை.

வெளியே வரும்போது, பத்திரிகையில் போட உதவும் என்று ஞானமுத்து தன் ஓவியத்தை மையில் சிறிதாக வரைந்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். "சார், பள்ளிக்கூடத்துல வரையறதெல்லாம் வயித்துக்கு. நான் வரைஞ்சேன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் கீது. இது இருந்தா போதும்" என்றார். அதில் நீலம் இல்லை, செம்மண் இல்லை, மஞ்சள் இல்லை. மூன்று கோடுகள் மட்டும் இருந்தன. அதைச் செய்தியோடு சேர்த்து உறையில் போட்டு கார்டிடம் கொடுத்தேன்.

வரதாச்சாரியார் பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் நேரில் வந்தார்.

பிரம்மோற்சவத்துக்கு நிருபர்கள் அவரைத் தேடி வருவார்களே தவிர, அவர் ஒரு செய்தியைத் தேடி ரயில் ஏறி நான் கண்டதில்லை. சித்தூர் ஸ்டேஷனில் இறங்கினார். கையில் என் உறை.

"இது என்னடா?"

"சர்ச்சில் வரைந்த ஓவியம்."

"அதைப் படிச்சேன். பாதம் இல்லாம இதைப் போட்டா ஒரு கட்சி, நம்மளைக் கேலி பண்றான்னு வரும். இன்னொரு கட்சி, அவாளுக்குச் சாதகமா போட்டுட்டான்னு வரும். சுவத்துல எது இருக்கோ அதைத்தான் போடணும். சுவத்தை நான் பாக்கணும்."

ஜட்கா பிடித்துப் போனோம். தண்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கமிட்டியார் அன்று சர்ச்சில் கூடியிருந்தார்கள். ஞானமுத்து சின்னத் திருத்தம் ஒன்றை முடித்துவிட்டு, ஓரமாக நின்று தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். வரதாச்சாரியார் வாசலில் செருப்பைக் கழற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவழியில் நேராக நடந்து, பீடத்தைச் சுற்றியிருந்த கம்பியழிக்கு முன்னால் போய் நின்றார்.

நான் பக்கவாட்டில் நின்றேன். ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் காலையில் புதிதாக இட்ட நெற்றி. வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு, பாதத்துக்குப் பாதம். ஞானமுத்து தண்டை நேர்த்தியாகப் போட்டிருந்தார். அருளப்பனின் கண் நெற்றிக்கும் சுவருக்கும் நெற்றிக்கும் சுவருக்குமாக, பாட்மின்டன் பந்தைப் பார்ப்பவர் கண்ணாக, போய்ப் போய் வந்தது.

அப்போதுகூட அது அந்த அளவில் நின்றிருக்கும். ஆனால் ஜட்காக்காரன், சவாரி திரும்பிப் போகுமா இல்லையா என்று கேட்பதற்காக வாசல்வரைக்கும் வந்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

"கோவிந்தா! கோவிந்தா!"

சர்ச்சில் எதிரொலி நன்றாக இருக்கும். பாட்டுக்காகக் கட்டின கூரை.

சாரம்மாதான் முதலில் சமாளித்துக்கொண்டார். "யோவ்! இது எங்க கோயிலுய்யா!"

"இருக்கட்டுமேம்மா. இம்மாம் பெருசா எழுதி வச்சிக்கினு கும்பிடாதேன்னா இன்னா அர்த்தம்? நம்ம ஐயங்காரு சாமிகூட வந்து சேவிச்சிக்கினு நிக்கிறாரு. மலை மேலகூட இந்த அளவுக்கு இல்லம்மா. யாரு எழுதினது? கை நல்லா வந்துகீது."

ஓவியத்தைப் பற்றி மனதாரச் சொல்லப்பட்ட பாராட்டு, நான் அறிந்தவரையில், அது ஒன்றுதான். ஞானமுத்து தூரிகையைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் வரதாச்சாரியார் உறையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீ அனுப்பின படம் வேற. உள்ளே இருக்கிறது வேற."

"சனிக்கிழமை மாற்றினார்கள்."

"எதுக்கு?"

"நாமமாகத் தெரியக் கூடாது என்பதற்காக."

"அப்படின்னு எவனாவது சொன்னானோ?"

"ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் தெரிந்தது."

அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஜட்காவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரித்தார். அவரோடு பழகின அத்தனை வருஷத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் அதைப் பார்த்ததில்லை. "வடகலையைத் தென்கலையாக்க நாங்க தலைமுறையா கோர்ட்டுக்கு நடக்கறோம்டா. இவா ஒரு சனிக்கிழமையில முடிச்சுட்டாளே!" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டதும் பழைய ஆள் ஆனார். "படம் வேண்டாம். என்ன முடிவாறதுன்னு மட்டும் எழுது."

முடிவு அன்று மாலையே ஆயிற்று. துரையின் தலைமையில், சர்ச்சுக்குள்ளேயே கமிட்டி கூடியது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். எழுதப்போகிறவனை வெளியே நிறுத்துவதைவிட உள்ளே வைப்பது மேல் என்பது அருளப்பனின் கணக்கு. பின் பெஞ்சியில் ஞானமுத்து இருந்தார். மூன்று பிள்ளைகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் சுவரை அப்போதுதான் முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தார்கள்.

சுவரை வெள்ளையடித்துவிட வேண்டும் என்பதில் கமிட்டியில் இரண்டு கருத்து இல்லை. சங்கடம், தீர்மானத்தில் காரணம் எழுத வேண்டும் என்பதுதான். அந்தச் சொல்லை எழுதினால், முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார் என்று அது நிரந்தரமாக இருக்கும். பயபக்தி குறைவு என்று எழுதலாம் என்றார் ஒருவர். துரை களிகூர்ந்தது ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று அருளப்பன் ஞாபகப்படுத்தினார். நிறம் கொஞ்சம் அதிகம் என்றார் இன்னொருவர். நிறத்துக்காக மொத்தச் சுவரையும் அழிப்பார்களா? கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். ஜெபம் என்று நினைத்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஈரம்" என்றார் அருளப்பன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கிழக்குச் சுவத்துல ஈரம் ஊறுது. இப்படியே விட்டா காரை உதிரும். கட்டடத்தோட க்ஷேமத்துக்காக, முழுசா வெள்ளையடிக்கணும்."

ஞானமுத்து எழுந்தார். "ஐயா, அந்தச் சுவத்தை நான்தான் சொரண்டி, காரை பூசி, காய வச்சேன். ஈரம் இல்லீங்க. தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாத்துட்டே முடிவு பண்ணலாமே" என்றார் அருளப்பன். கோர்ட்டுப் பழக்கம், ஸ்தல விசாரணை இல்லாமல் அவருக்குத் தீர்ப்பு கிடையாது.

ஒவ்வொருவராகப் போனார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தார்கள். நீலத்தின் மேல் சிலர், செம்மண்ணின் மேல் சிலர். வெள்ளையின் மேல் ஒருவரும் வைக்கவில்லை. வைத்த ஒவ்வொருவரும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். ஈரம் இருக்கிறது என்றார்கள். சாரம்மா கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். "எனக்கு ஈரமா தெரியல. சில்லுனு கீது" என்றார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சில்லுனு இருந்தா அது ஈரந்தானே" என்றார்.

கடைசியில் துரை போனார். கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஈரத்தை உணருகிறேன்" என்றார்.

ஞானமுத்து நின்றபடியே இருந்தார். "ஒண்ணு கேக்கறேன் ஐயா. இங்க இருக்கறவங்க யாருக்காச்சும் அது வேற ஏதாச்சும் மாதிரி தெரியுதா? தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லிடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நானே அழிச்சிடறேன். ஒருத்தர் சொன்னா போதும்."

வெளியே போஸ்டாபீஸ் பக்கம் சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

"ஒண்ணும் தெரியல மாஸ்டர். ரொம்ப அழகான படம். ஈரம்தான்" என்றார் அருளப்பன்.

"அப்போ நானே அடிக்கிறேன்" என்றார் ஞானமுத்து. "வேற யாரும் தொட வேணாம்."

மறுநாள் காலையில் நான் போனபோது ஏணி போட்டிருந்தார். சர்ச்சில் வேறு யாரும் இல்லை. வரையும்போது அவருக்கே தெரியவில்லையா என்று கேட்டேன். எழுதுவதற்காக அல்ல.

"தெரியாம என்ன சார்? மொத நாளே தெரிஞ்சிபோச்சி" என்றார். "பொறந்ததுலேர்ந்து கண்ணுல பட்டதெல்லாம் கையில வந்து நிக்குது. அதுக்காக அந்தக் கோட்டை விட்டுட்டா, அங்க வேற கோடு ஏது? நானும் எவ்ளோ போட்டுப் பாத்தேன். எதுவும் நிக்கல. அது ஒண்ணுதான் நின்னுச்சி."

வாளியில் சுண்ணாம்பைக் கலக்கினார். ஆனால் மிச்சமிருந்த செம்மண் வர்ணத்தைத் தூரிகையில் தொட்டு, முதலில் அந்தத் தண்டை மட்டும் மூடினார். ஏணியிலிருந்து இறங்கி, பெஞ்சிகளுக்கு நடுவே பின்னால் நடந்து, கதவு வரைக்கும் வந்து திரும்பி நின்றார். தான் வரைந்த அளவில் ஓவியம் சுவரில் இருந்தது. மஞ்சள் துண்டுகளின் மேல் பக்கத்து ஜன்னல் வெயில் விழுந்து, எது வெயில், எது வர்ணம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பப் போய், மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்து, ஏணியில் ஏறி, மேலிருந்து அடிக்கத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகு அவர் சுவரிலோ காகிதத்திலோ தனக்காக எதையும் வரைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நான் அனுப்பிய செய்தி இது: 'சித்தூர் மிஷன் சர்ச்சின் கிழக்குச் சுவரில் டிராயிங் மாஸ்டர் ஸ்ரீ ஞானமுத்து தீட்டிய ஓவியம், சுவரில் ஈரம் காரணமாக வெள்ளையடித்து நீக்கப்பட்டது.'

அந்த வாரம் திருப்பதி போனபோது வரதாச்சாரியார் அதைக் கையில் வைத்திருந்தார். கை நீட்டின தூரத்தில் பிடித்துப் படித்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"நீ தொட்டுப் பாத்தியோ?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"காய்ந்திருந்தது."

பென்சிலை எடுத்து 'சுவரில் ஈரம் காரணமாக' என்ற சொற்களை அடித்தார். மீதியைச் சென்னைக்கு அனுப்பினார். ஜில்லாச் செய்திகள் பத்தியில் அது வந்தது. அதற்கு நேர் கீழே, நான் அனுப்பிய இன்னொரு செய்தி இருந்தது. அந்தப் பருவத்தில் மழையே பெய்யாததால் சித்தூர் நகரத்துக் குடிநீர்க் கிணறுகள் வறண்டுவிட்டன என்பது அது.